அன்றாட வாழ்வும் வரலாற்றுச் சான்றும்: கம்போடியப் புகைப்படக் கலை பற்றிய ஒரு நோக்கு

தென்கிழக்காசிய வரலாற்றைப் பயிலும் மாணவர்க்குக் கம்போடியா என்றதும் இரண்டு காட்சிகள் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஒன்று, பெருமரங்களின் வேர்கள் கற்சுவர்களைப் பற்றிப் பிடித்து நிற்கும் அங்கோர். மற்றையது, அடுக்கி வைக்கப்பட்ட மண்டையோடுகள். அங்கோர் வாட் எழுந்த காலத்திற்கும் பொல்பொட் ஆட்சிக்கும் இடையே ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழிந்துள்ளன. அவ்வாண்டுகளிலெல்லாம் அந்நாட்டு மக்கள் நெல் விதைத்தனர், ரொன்லே சாப் ஏரியில் மீன் பிடித்தனர், சந்தைக்குச் சென்றனர், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வைத்தனர். ஆயினும் அவ்வாழ்க்கைக்கு எமது மனத்தில் உருவம் இல்லை. இவ்வெறுமை தற்செயலாக நேர்ந்ததன்று. கமரா யார் கையில் இருந்தது, எதனை நோக்கித் திருப்பப்பட்டது என்னும் வினாக்களை எழுப்பினாலன்றி இதனை விளங்கிக்கொள்ளல் இயலாது. 2005ஆம் ஆண்டளவில் தொடங்கிக் கம்போடிய இளைஞர் சிலர் தமது வீட்டையும் காரியாலயத்தையும் தெருவையும் படம்பிடிக்க முற்பட்டனர். அம்முயற்சியை, குறிப்பாக வான்டி ரத்தனா என்னும் புகைப்படக் கலைஞரின் பணியை, அதற்கு முந்திய வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்போடியப் புகைப்படத்தின் கதையும் அங்கோரிலேயே தொடங்குகின்றது. 1866ஆம் ஆண்டில் யோன் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் பாங்கொக்கிலிருந்து புறப்பட்டு அங்கோரை அடைந்தார். அப்பிரதேசம் அந்நாளிற் சயாமின் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால் அவர் பெற்றுச் சென்ற அனுமதி சயாம் மன்னருடையதாகும். அக்காலப் படப்பிடிப்பு எளிய காரியமன்று. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கரைசலைப் பூசி, ஈரம் உலர்வதற்கு முன்னரே படம்பிடித்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். வெப்பமும் ஈரப்பதனும் மிக்க காட்டில் இது எத்தகைய உழைப்பை வேண்டி நின்றிருக்கும் என்பதை ஊகிக்கலாம். மறு ஆண்டில் எடின்பரோவில் வெளியான அவரது நூல் கம்போடியாவின் தொல்பொருட்கள் பற்றியது. அதே 1866இல், பிரெஞ்சு மீகொங் ஆய்வுக் குழுவினருடன் எமில் க்ஸெல் என்பாரும் அங்கோரைப் படம்பிடித்தார். இத்தகைய தொடக்ககாலப் படங்களில் மனிதர் காணப்படும் இடத்தும், பெரும்பாலும் தூணின் உயரத்தைப் பார்ப்போர்க்கு உணர்த்தும் அளவுகோலாகவே நிற்கின்றனர்.

1863இல் ஏற்பட்ட பிரெஞ்சுக் காப்பாட்சி 1953 வரை நீடித்தது. இக்காலத்துப் படங்களைப் பற்றி இங்கு நெடிது கூற வேண்டியதில்லை. ஆய்வாளர் சிற்பங்களைப் படம்பிடித்தனர். வணிகர் தபாலட்டைகளை அச்சிட்டனர். இந்தோசீனத் தபாலட்டைகளாற் பெயர்பெற்ற பியேர் தியூல்பில்ஸ் போன்றோரின் வெளியீடுகளில் ஒரு பெண்ணின் உருவத்தின் கீழ் அவளுடைய பெயர் இராது. இன்ன இனத்துப் பெண் என்பதே இருக்கும். தனி மனிதர் ‘வகைமாதிரி’ ஆக்கப்படுதல் குடியேற்றவாதப் பார்வையின் இயல்பு. இதற்குக் கம்போடியா விதிவிலக்கன்று.

சுதந்திரத்திற்குப் பின்னரே நிலைமை ஓரளவு மாறியது. 1950களிலும் 1960களிலும் நகரப்புறங்களிற் படப்பிடிப்பு நிலையங்கள் பெருகின. திருமணம், பாடசாலைத் தேர்ச்சி, முதற்பிள்ளையின் பிறப்பு ஆகியவற்றை ஒட்டிக் குடும்பத்தினர் புத்தாடை அணிந்து, வரைந்த திரையின்முன் நின்று படமெடுத்துக் கொண்டனர். இளவரசர் சிஹானுக்கின் அரசு வெளியிட்ட படச் சஞ்சிகைகளில் புதிய கட்டடங்களும் அணைக்கட்டுகளும் விழாக்களும் இடம்பெற்றன. அவை அரசு தன்னைக் காட்டிக்கொண்ட விதம். மக்கள் தம்மைக் காட்டிக்கொண்ட விதமோ வீட்டு அல்பங்களிலேயே இருந்தது. கம்போடியர் தமது அன்றாட வாழ்வுக்கு ஆக்கிக்கொண்ட முதலாவது ஆவணக் காப்பகம் இவ்வல்பங்களே எனக் கூறுதல் மிகையாகாது. இக்காப்பகத்திற்கு நேர்ந்த கதியே இக்கட்டுரையின் மையப் பொருளோடு தொடர்புடையது.

1970 மார்ச் 18இல் சிஹானுக் பதவியகற்றப்பட்டார். நாடு உள்நாட்டுப் போரில் ஆழ்ந்தது. அதற்கு முன்னரே, 1969 மார்ச் மாதம் முதல், அமெரிக்கப் பி-52 விமானங்கள் எல்லைப்புறங்களில் இரகசியமாகக் குண்டு வீசத் தொடங்கியிருந்தன. 1973 ஓகஸ்ட் 15இல் அவை நிறுத்தப்பட்டபோது கம்போடிய மண்ணில் வீழ்ந்த குண்டுகளின் நிறை ஏறத்தாழ 5 இலட்சம் தொன் என மதிப்பிடப்படுகின்றது. போர் உலகச் செய்தியாயிற்று; வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்காகக் கம்போடியர் பலர் கமராவை ஏந்தினர். இந்தோசீனப் போர்களில் உயிரிழந்த புகைப்படக் கலைஞரின் படைப்புகளைத் தொகுத்து 1997இல் வெளியிடப்பட்ட நினைவு நூலிற் கம்போடியப் பெயர்களும் கணிசமாக உள்ளன. அவர்கள் எடுத்தவை போர்ப் படங்கள். செய்தி நிறுவனம் விரும்பியது அதுவே. பிழைத்தோருள் நன்கு அறியப்பட்டவர் டித் பிரான். அவர் கெமர் ரூஜ் ஆட்சியின் கொடுமைகளைக் கடந்து 1979இல் தாய்லாந்தை அடைந்து, பின்னர் நியூயோர்க் நகரிற் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராகப் பணியாற்றினார்.

1975 ஏப்ரல் 17ஆந் திகதி கெமர் ரூஜ் படையினர் புனோம்பென்னைக் கைப்பற்றினர். அகதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த நகர மக்கள் சில நாட்களுள் கிராமப்புறங்களுக்கு விரட்டப்பட்டனர். அடுத்து வந்த மூன்று ஆண்டுகளும் எட்டு மாதங்களும் பற்றிப் பேசும்போது நாம் இறந்தோரின் தொகையையே முதலிற் கூறுகின்றோம். 15 முதல் 20 இலட்சம் வரையிலான அத்தொகை எவரையும் வாயடைக்கச் செய்வது. ஆனால் அவ்வாட்சி ஒழிக்க முற்பட்டவற்றின் பட்டியலையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தல் வேண்டும். நாணயம் ஒழிக்கப்பட்டது. சந்தை மூடப்பட்டது. பாடசாலை மூடப்பட்டது. வண்ண ஆடை விலக்கப்பட்டுக் கறுப்பு ஆடை விதிக்கப்பட்டது. நாளடைவில் வீட்டுச் சமையலும் தடுக்கப்பட்டு, அனைவரும் பொது உணவுக்கூடத்தில் உண்ண வேண்டும் என்றாயிற்று. தாய் தன் பிள்ளைக்குச் சோறாக்கிப் பரிமாறுதல் ஆட்சிக்கு மாறான செயலாகக் கருதப்பட்டது. அரண்மனைகளையும் பதவிகளையும் ஒழித்த புரட்சிகள் பல. நாளாந்த வாழ்க்கையையே பகைவனாகக் கண்ட புரட்சி இதுவே எனக் கூறத் தோன்றுகின்றது.

இந்நிலையில் வீட்டு அல்பமும் குற்றச்சான்றாக மாறியது. சீருடை அணிந்த தந்தை, மூக்குக்கண்ணாடி அணிந்த மாமன், மேனாட்டுப் பாணியில் உடுத்த மணமகள் ஆகிய யாவரும் அக்குடும்பத்தின் ‘வர்க்கத்தை’க் காட்டிக்கொடுக்கக் கூடியவராயினர். பலர் தமது படங்களை எரித்தனர். சிலர் பொலித்தீனில் சுற்றி மண்ணிற் புதைத்தனர். சிலர் ஆடையுள் மறைத்துக் காவிச் சென்றனர். இடம்பெயர்வின்போது எதனை எடுப்பது, எதனை விடுவது என்று தடுமாறிய குடும்பங்களைக் கொண்ட எமது நாட்டில் இதனை வாசிப்போர்க்கு மேலதிக விளக்கம் வேண்டியதில்லை.

மக்களின் கமராக்கள் மறைந்த அக்காலத்தில் அரசின் கமரா மறையவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அது இரண்டு வகையான படங்களை எடுத்தது. முதலாவது வகை, அணைக்கட்டு வேலைகளில் ஆயிரக்கணக்கானோர் மண் சுமந்து விரையும் பிரசாரப் படங்கள். இரண்டாவது வகையை உலகம் நன்கறியும். புனோம்பென்னில் முன்பு பாடசாலையாக இருந்த துவோல் ஸ்லெங் கட்டடத்தில் இயங்கிய எஸ்-21 சிறைக்குக் கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரும் கண்கட்டு அவிழ்க்கப்பட்டுக் கமராவின்முன் நிறுத்தப்பட்டனர். அங்கு அடைக்கப்பட்ட 12,000க்கு மேற்பட்டோருள் மிகச் சிலரே உயிர் தப்பினர். 1979 ஜனவரியில் வியட்நாமியப் படையினருடன் நகருட் புகுந்த புகைப்படக் கலைஞர் ஹோ வான் தாய் அச்சிறையைக் கண்டு படம்பிடித்தார். எஞ்சியிருந்த ஏறத்தாழ 6,000 நெகற்றிவ்கள் 1990களிற் சுத்தம் செய்யப்பட்டு ஒழுங்குபடுத்தப்பட்டன. 1997இல் நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலை அவற்றுள் 22 படங்களைச் சுவரில் மாட்டியது. கொலைக் கோப்பின் ஒரு தாள் கலைப்பொருளாகுமா என்ற விவாதம் அன்று எழுந்தது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை. 2021இல் வெளிநாட்டார் ஒருவர் அம்முகங்களுக்கு வண்ணம் தீட்டியதோடு சிலவற்றிற் புன்னகையையும் சேர்த்தார். கடுங்கண்டனம் எழுந்தபின் அப்படங்கள் நீக்கப்பட்டன. புன்னகைக்கும் முகத்தைக் காண வேண்டும் என்ற ஆவல் புரிந்துகொள்ளக் கூடியதே. அம்முகங்கள் உண்மையிற் புன்னகைத்த தருணங்கள் வீட்டு அல்பங்களில் இருந்தன. அவையோ எரிந்துபோயின.

1979க்குப் பின் வளர்ந்த தலைமுறையினர் தமது பெற்றோர் இளமையில் எவ்வாறு இருந்தனர் என்பதை அறியச் சான்றில்லாதவராக வளர்ந்தனர். இவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்றோருள் முதலிற் குறிப்பிட வேண்டியவர் புகைப்படக் கலைஞரல்லர், ஓவியர். சுவாய் கென் (1933–2008) புனோம்பென் விடுதியொன்றிற் பரிசாரகராகப் பணியாற்றியவர். 60 வயதளவில் தூரிகையை எடுத்த அவர், அடுப்பு, குடை, மின்விசிறி, துவிச்சக்கரவண்டி, குடும்பத்தார் கூடி உண்ணும் காட்சி என்பவற்றை எவ்வித அலங்காரமுமின்றி வரைந்தார். மனைவி இறந்தபின், தமது குடும்பத்தின் கதையைப் பேரப்பிள்ளைகள் அறியும்பொருட்டு ஓவியத் தொடராக்கினார். படமில்லாத இடத்தில் ஓவியம் ஆவணமாயிற்று. திரைப்பட இயக்குநர் ரித்தி பான் 2013இல் வெளியிட்ட படத்தின் பெயரே ‘காணாமற்போன படம்’ என்பதாகும். களிமண் பொம்மைகளைக் கொண்டு தமது இளமைக்காலத்தை அவர் அதில் மீளக் கட்டினார். மாக் ரெமிஸ்ஸா என்னும் மூத்த புகைப்படக் கலைஞர், சிறுவனாகத் தாம் கண்ட நகர வெளியேற்றத்தைக் கடதாசி உருவங்களையும் புகையையும் கொண்டு 2014இல் படமாக்கினார். 1981இற் பட்டம்பாங்கிற் பிறந்த கிம் ஹாக், அக்கொடுங்காலத்திற் குடும்பங்கள் எவ்வாறோ காப்பாற்றிய பொருட்களையும் படங்களையும் கறுப்புப் பின்னணியில் வைத்து ஒவ்வொன்றாகப் படம்பிடித்து, அவற்றின் கதைகளுடன் ‘உயிருடன்’ என்னும் தொடராக்கி வருகின்றார். ஒரு பாத்திரத்தைத் தொல்பொருளை நோக்குவது போன்ற கவனத்துடன் அவர் நோக்குகின்றார். வரலாற்றுத் துறை மாணவர்க்கு இது சிந்தனைக்குரியது. கல்வெட்டும் செப்பேடும் தரும் சான்றை மதிக்கப் பழகிய நாம் சோற்றுப்பானை தரும் சான்றை எவ்வாறு வாசிப்பது?

இவர்கள் யாவரும் இழந்ததைத் தேடினர். வான்டி ரத்தனா தொடங்கிய இடம் வேறு. 1980இற் புனோம்பென்னிற் பிறந்த இவர் சட்டம் பயின்றவர்; புகைப்படக் கலையைத் தாமே கற்றுக்கொண்டவர். 2005ஆம் ஆண்டளவில் அவர் கமராவைத் திருப்பியது தமது குடும்பத்தின்பாலும் தாம் பணியாற்றிய காரியாலயத்தின்பாலுமாகும். மேசை, கணினி, கோப்புகள், நண்பகற் களைப்பு, வீட்டிற் படுத்திருக்கும் உறவினர் ஆகிய இவற்றில் வியத்தற்கு ஏதுமில்லை. வெளிநாட்டுப் பயணி எவரும் இவற்றைப் படம்பிடித்திரார். அங்கோருக்குச் செல்லும் வழியில் இத்தகைய காரியாலயம் ஒன்றைக் கடந்துதான் அவர்கள் சென்றிருப்பர். ஆயினும் அது கம்போடியாவாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தமது நாட்டு வாழ்வுக்குரிய பதிவுகள் இல்லாமையே தம்மைப் புகைப்படத்தின்பால் ஈர்த்தது என்பது ரத்தனாவின் நிலைப்பாடு. 30 ஆண்டுகளுக்கு முன் நாணயமும் காரியாலயமும் குடும்ப உணவும் ஒழிக்கப்பட்ட அதே நகரத்தில், ஓர் எழுதுவினைஞர் மேசைமுன் அமர்ந்து சலிப்படைவதும் வரலாற்று நிகழ்வே என்பது எனது கருத்து. சலிப்படைவதற்கும் ஓர் அமைதி வேண்டும்.

2007இல் ரத்தனாவும் நண்பர்களும் ‘கலைக் கலகக்காரர்’ எனப் பொருள்படும் பெயருடைய குழுவொன்றை அமைத்தனர். 2009இற் கலைஞர் தாமே நடத்தும் சிறு காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தனர். அடுத்த ஆண்டில், 1963இற் கட்டப்பட்ட ‘வெள்ளைக் கட்டடம்’ என்னும் பழைய மாடிக் குடியிருப்பினுள் இன்னொரு களத்தை ஆரம்பித்தனர். அங்கு வாழ்ந்தோரின் குடும்பப் படங்களும் கதைகளும் சேகரிக்கப்பட்டன. 2017இற் கட்டடம் இடிக்கப்பட்டது. குடியிருந்தோர் கலைந்து சென்றனர், சேகரிக்கப்பட்டவை எஞ்சின. படம்பிடிப்பதற்கும் இடிப்பதற்கும் இடையே எவ்வளவு குறுகிய அவகாசமே கிடைக்கின்றது என்பதற்கு இது தக்க உதாரணம்.

ரத்தனாவின் 2008ஆம் ஆண்டுத் தொடர் ‘ஆண்டின் தீ’. நகரத்தின் வறிய குடியிருப்பொன்று எரிந்ததன் பின்னான காட்சிகள் அதில் உள்ளன. தலைப்பிலுள்ள கசப்பு கவனிக்கத்தக்கது. எந்த ஆண்டுக்கும் அது பொருந்திவிடும். ஆயினும் அவரது படைப்புகளுள் ‘குண்டுக் குளங்கள்’ (2009) என்பதே இக்கட்டுரையாளனை மிகவும் சிந்திக்க வைத்தது. இறப்பர்த் தோட்டத் தொழிலாளரைப் படம்பிடிக்கச் சென்ற காலத்தில் வட்டமான குளங்களை அவர் காண நேர்ந்தது. அவை குண்டுகள் வீழ்ந்த குழிகள் என்பதைக் கிராமத்தவர் வாயிலாகவே அறிந்தார். பின்னர், கடுமையாகக் குண்டு வீசப்பட்ட மாகாணங்களுக்குச் சென்று அக்குழிகளைத் தேடிப் படம்பிடித்தார். ஒன்பது படங்களும் ஒரு காணொளியும் கொண்ட தொடர் அது. படங்களை மட்டும் பார்ப்பவர் அழகிய நாட்டுப்புறக் காட்சிகள் எனக் கருதி அப்பாற் செல்லக்கூடும். பசும்புல், தெளிந்த நீர், நீரில் வானத்தின் நிழல். காணொளியிற் கிராமத்தவர் பேசத் தொடங்கியபின்னரே அவ்வட்டங்களின் பொருள் விளங்குகின்றது. அமெரிக்க விமானப்படையின் குண்டுவீச்சுத் தரவுகள் 2000இல் வெளிப்படையாக்கப்பட்டன. அதற்கு நெடுங்காலம் முன்னரே அப்பதிவு வயல்களில் இருந்தது. உழவர் நாள்தோறும் அதனைச் சுற்றிக்கொண்டே ஏர் ஓட்டினர்; அதற்கொரு பெயரும் இட்டிருந்தனர். அறியாதோர் நகரத்தவரும் நாமுமே.

அன்றாட வாழ்வைப் பதிவுசெய்தல் என்பதற்கு இங்கு ஒரு புதிய பொருள் கிடைக்கின்றது. அது வரலாற்றிலிருந்து ஒதுங்கி நிற்பதன்று. வரலாறு எங்கே படிந்து கிடக்கின்றது எனக் காட்டுவதாகும். ரத்தனாவுக்குப் பின்வந்தோரிடமும் இப்பண்பு காணப்படுகின்றது. பிலோங் சோவன் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கொளியைக் கொண்டே இரவு நகரத்து மனிதரைப் படம்பிடித்தார். லிம் சொக்சான்லினாவின் ‘தேசிய வீதி இலக்கம் 5’ (2015) என்னும் தொடர், வீதி அகலிப்புக்காக முன்பகுதி வெட்டி அகற்றப்பட்ட வீடுகளைக் காட்டுகின்றது. அறையின் உட்சுவர் வெளிச்சுவராகிவிட, எஞ்சிய பாதியைக் காணும்போது விளக்கவுரை வேண்டியிருப்பதில்லை. அதே காலத்திற் புனோம்பென்னின் பொயங் காக் ஏரி மணலிட்டு நிரப்பப்பட்டுப் பல்லாயிரம் மக்கள் அகற்றப்பட்டனர். கெமர் ரூஜ் ஆட்சியோடு இவற்றை ஒப்பிடுதல் பொருந்தாது. ஆனால் இன்றைய அன்றாட வாழ்வும் அழியக்கூடியதே என்பதை இப்படங்கள் மறக்கவிடவில்லை.

இவ்விடத்தில் என்மீதே எனக்கு ஓர் ஐயம் உண்டு. கம்போடிய இளைஞர் ஒருவர் தமது தாயின் சமையலறையைப் படம்பிடித்தால் அதனையும் 1975ஓடு தொடர்புபடுத்தியே நான் வாசிக்கின்றேன். அவர்களுட் பலர் விடுபட விரும்புவது இத்தகைய வாசிப்பிலிருந்தே அன்றோ? அங்கோர் 1992இலும், துவோல் ஸ்லெங் உள்ளிட்ட நினைவிடங்கள் 2025இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. கட்டுரையின் தொடக்கத்தில் நான் கூறிய இரு காட்சிகளும் இவ்வாறு முத்திரை பெற்றுவிட்டன. சமையலறைக்கு அப்பட்டியலில் இடமில்லை. அது வேண்டப்படுவதும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘குண்டுக் குளங்கள்’ 2012இல் ஜேர்மனியின் காசல் நகரப் பெருங்காட்சியிலும், அடுத்த ஆண்டில் நியூயோர்க் குகன்ஹைம் காட்சிச்சாலையிலும் வைக்கப்பட்டது. அக்குளங்களின் கரையில் வாழ்வோருட் பெரும்பாலார் அங்குச் சென்று பார்க்கப் போவதில்லை. 2008 முதல் புனோம்பென்னில் நடைபெற்றுவரும் புகைப்பட விழாவிற் படங்கள் திறந்தவெளிச் சுவர்களிலும் வைக்கப்பட்டமை இக்குறையைச் சிறிது நீக்கியது எனலாம். ஆயினும் யாருடைய வாழ்வு படமாக்கப்படுகின்றதோ அவர்களே அதன் முதற் பார்வையாளராதல் இன்னும் முற்றாகக் கைகூடவில்லை.

ரத்தனா 2015இல் ‘தனிமொழி’ என்னும் குறும்படத்தை உருவாக்கினார். தாம் பிறப்பதற்கு முன்னரே, கெமர் ரூஜ் ஆட்சியில் இறந்துபோன தமக்கையை நோக்கி அவர் அதிற் பேசுகின்றார். பாட்டியோடும் ஆயிரக்கணக்கான பிறரோடும் அவர் புதையுண்ட இடம் இன்று ஒரு வயல்வெளி. அங்கு நினைவுத்தூண் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கமரா காட்டுவது இரண்டு மாமரங்களையும், அவற்றைச் சூழ்ந்து விளையும் நெல்லையுமே.